1-0-1 என்றால் எத்தனை மணி?

சென்னையில் எந்த மெடிக்கல் ஷாப்பில் நின்று பார்த்தாலும், டாக்டர் சீட்டில் மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் இந்த மூன்று இலக்கம் இருக்கும். 1-0-1. காலையில் ஒன்று, மதியம் கிடையாது, இரவு ஒன்று. கவுண்டரில் இருப்பவர் "காலை, ராத்திரி, சாப்பிட்ட அப்புறம்" என்று சொல்லிக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவருக்குக் காலை என்பது ஐந்தரை மணி ஃபில்டர் காபியா, ஒன்பதரை மணி இட்லியா? இரவு என்பது ஏழரை மணிச் சாப்பாடா, பதினொன்றரைக்கு வேலை முடிந்து வந்து சாப்பிடும் தோசையா? ஒன்பதரைக்கும் ஏழரைக்கும் போடுகிறவருக்கு இரண்டு மாத்திரைக்கு இடையில் 10 மணி நேரம், 14 மணி நேரம் என்று இடைவெளி விழுகிறது. அதுவாவது பரவாயில்லை. ஐந்தரைக்கும் பதினொன்றரைக்கும் போடுகிறவருக்குப் பகலில் 18 மணி நேரம், இரவில் வெறும் 6 மணி நேரம்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பல மாத்திரைகளுக்குள்ளும் ஒரு கடிகாரம் வைத்துத்தான் செய்கிறார்கள். முதலாவது தூக்கத்தையும் வெளிச்சத்தையும் பார்த்து ஓடுவது. இரண்டாவது மாத்திரை தொண்டையில் இறங்கிய நொடியில் ஓடத் தொடங்குவது. 1-0-1 இந்த இரண்டைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. அதனால்தான் மணியை எழுதிக் கொடுங்கள், மணியைக் கேட்டு வாங்குங்கள் என்று இவ்வளவு நீளமாக எழுதவேண்டி இருக்கிறது.

உடம்பின் கடிகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே, ஒரு சின்னத் திரளாக நரம்பணுக்கள் இருக்கின்றன. கண் வழியாக வரும் வெளிச்சம் அவற்றுக்கு நேரத்தைச் சரிசெய்து கொடுக்கிறது. கல்லீரல், சிறுநீரகம், குடல் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. மூளையின் கடிகாரம் அவற்றை ஒழுங்கில் வைக்கிறது. செல்லுக்குள் இது எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

மருந்துக்காரருக்குத் தேவையானது அதன் கால அட்டவணை. கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் இருந்து, விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, காலை 6 முதல் 8 மணிக்குள் உச்சிக்குப் போகும். ரத்த அழுத்தம் தூக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் இறங்கி, எழும்போது சட்டென ஏறும். மாரடைப்பு காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் அதிகம். மூச்சுக்குழாய் மிகவும் சுருங்கும் நேரம் விடியற்காலை 4 மணியை ஒட்டி. வயிற்றில் அமிலம் அதிகம் சுரப்பது இரவு 10 முதல் 2 மணி வரை. கல்லீரல் கொழுப்பைத் தயாரிப்பதும் பெரும்பாலும் இரவில்தான். முடக்குவாதக்காரர்களுக்கு மூட்டை வீங்கவைக்கும் இன்டர்லூகின்-6 விடியலுக்கு முன் ஏறுகிறது. எழுந்தவுடன் கைவிரல் மடங்காமல் விறைத்துக் கிடப்பது அதனால்தான்.

இனி மாத்திரைக்குள் இருக்கும் கடிகாரம். கவுண்டரில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"தம்பி, இந்தச் சுகர் மாத்திரை ரொம்பப் பெருசா இருக்கு, தொண்டையில இறங்க மாட்டேங்குது. பாதியா உடைச்சுப் போடலாமா?"

"வேண்டாம்மா. உடைச்சா வேகமா இறங்கி வயித்தைக் கலக்கும். 1000-க்குப் பதிலா 500 ரெண்டா எழுதித் தரச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. அது கொஞ்சம் சின்னது."

ஏன் உடைக்கக் கூடாது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மெட்ஃபார்மின் எஸ்.ஆர்., அதாவது மருந்தை மெதுவாக விடும் சுகர் மாத்திரை ஒன்றை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு விடுங்கள். சாதாரண மாத்திரை என்றால் சில நிமிடத்தில் பொடியாகி அடியில் உட்கார்ந்துவிடும். இது உடையாது. அரை மணியில் மேல்பக்கம் வழவழப்பாகும், பாதி வெந்த ஜவ்வரிசி மாதிரி. இரண்டு மணி கழித்து எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டினால் மூன்று வளையம் தெரியும்: வெளியே கண்ணாடி போன்ற ஜெல், நடுவில் ஈரம் ஏறிய வெண்மை, உள்ளே இன்னும் காய்ந்த வெள்ளைப் பொடி. எச்.பி.எம்.சி. என்ற செல்லுலோஸ் வகைப் பொருள் தண்ணீரை இழுத்து ஜெல்லாகி, மருந்தை அதன் வழியாக மெதுவாக வெளியே விடுகிறது. பாதியாக உடைத்தால் ஜெல் மூடாத புதிய பக்கம் ஒன்று திறந்துகொள்ளும், மருந்து வேகமாகக் கசியும். இடித்துப் பொடியாக்கினால் வேகத் தடையே இல்லை, நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். மெட்ஃபார்மினில் அது வயிற்றுப்போக்கோடு போகும். பிரஷருக்கான நிஃபெடிபின், வெராபமில், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், வலிக்கான டிரமடால் ஆகியவற்றின் எஸ்.ஆர். வகையை இடித்தால் உயிருக்கே ஆபத்து. மூக்குக் குழாய் வழியாக உணவு போகும் பெரியவர்கள் வீட்டில் இந்தத் தவறு நடக்கிறது: எல்லா மாத்திரையையும் ஒன்றாக உரலில் இடித்து ஊற்றுகிறார்கள். குழாய் போட்டவுடனே, "எதை இடிக்கலாம், எதற்குச் சிரப்போ வேறு மருந்தோ மாற்ற வேண்டும்" என்று சீட்டு முழுவதையும் காட்டிக் கேட்டுவிட வேண்டும்.

மெட்ஃபார்மின் எஸ்.ஆர். போடுகிறவர்கள் மலத்தில் மாத்திரை முழுசாக வந்துவிட்டது என்று பயந்து வருவதும் உண்டு. வந்தது மருந்து தீர்ந்துபோன சக்கை. இன்னொரு மாத்திரை போட வேண்டியதில்லை.

விதிவிலக்கும் இருக்கிறது. மெட்டோபுரோலால் எக்ஸ்.எல். என்ற பிரஷர் மாத்திரையின் சில தயாரிப்புகளில், மாத்திரைக்குள் நூற்றுக்கணக்கான நுண் உருண்டைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூச்சு. அப்படிச் செய்தால் கோட்டின் மேல் பாதியாக உடைக்கலாம். கடிக்கவோ இடிக்கவோ கூடாது. அதே பெயரில் இன்னொரு கம்பெனி ஜெல் வகையில் செய்திருக்கலாம். நடுவில் கோடு இருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாமல், அந்தத் தயாரிப்பின் தாளில் உடைக்கலாம் என்று இருக்கிறதா என்று மருந்தாளுநரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஸ்டிரிப்பில் எழுத்துகளைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர்., பி.ஆர்., எக்ஸ்.எல். இருந்தால் மெதுவாக விடுவது. டி.ஆர்., இ.சி. இருந்தால் வயிற்றைத் தாண்டிக் குடலில் கரைவது. பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இந்திய மருந்தக நூலின்படி அதிகாரபூர்வப் பெயர் இருக்கும்: முதல் வகைக்கு 'புரோலாங்டு ரிலீஸ்', இரண்டாவதற்கு 'கேஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட்'. அந்தச் சின்ன எழுத்துதான் நம்பத்தகுந்தது.

இந்த இரண்டாவது வகையில் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பது 'கேஸ் மாத்திரை', அதாவது பான்டோபிரசோல், ரபிபிரசோல், இசோமிபிரசோல். அமிலத்தை அடக்க வந்த மருந்து அமிலத்தில் பட்டால் கெட்டுவிடும். பான்டோபிரசோல் பொடியை அமிலக் கரைசலில் போட்டால் நிறம் மாறிப் பழுப்பாவதைப் பார்க்கலாம். அதனால் அமிலம் குறைந்து பி.ஹெச். ஐந்தரைக்கு மேல் போனால் மட்டும் கரையும் பூச்சு போடுகிறார்கள். சோதனையும் அப்படியே: அமிலத்தில் 2 மணி நேரம் வைத்தால் விரிசல்கூட விழக் கூடாது, பிறகு 6.8 பி.ஹெச். கரைசலில் ஒரு மணி நேரத்துக்குள் சிதைந்துவிட வேண்டும்.

இதைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன் போடச் சொல்வதற்கு இரண்டு காரணம். இது இயங்கிக்கொண்டிருக்கும் அமிலப் பம்புகளை மட்டுமே பூட்டும். பம்புகள் முழுவீச்சில் வேலை செய்வது சாப்பிடும்போது. ரத்தத்தில் மருந்து நிற்பதோ கொஞ்ச நேரம், ஒன்று ஒன்றரை மணியில் பாதியாகிவிடும். பூட்டு வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும். அடுத்த காரணம் வயிற்றின் போக்கு. பொங்கல் வடை சாப்பிட்டு அதன்மேல் மாத்திரை போட்டால், வயிறு அந்த முழு மாத்திரையைக் கீழே விடாது. உணவு அரைந்து வெளியேறி, வயிற்றைக் கூட்டித் துடைக்கும் பெரிய அலை வரும் வரை அங்கேயே கிடக்கும். குடலுக்குப் போய்க் கரையும்போது சாப்பாட்டு நேரம் எப்போதோ முடிந்திருக்கும். "நாலு வருஷமா கேஸ் மாத்திரை போடறேன், ஒண்ணும் கேக்கலை" என்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்போது போடுகிறீர்கள் என்பதுதான். இரவில் நெஞ்செரிச்சல் என்றால், டாக்டர் இரவுக்கும் எழுதியிருந்தால், அது இரவுச் சாப்பாட்டுக்கு முன். படுக்கப் போகும்போது அல்ல.

இந்த இரண்டு வகைக்கும் அடுத்த படி, மருந்து எத்தனை மணிக்கு வெளியே வர வேண்டும் என்று தீர்மானித்துச் செய்யும் மாத்திரை. நோயாளி தூங்கும்போது மருந்து இறங்க வேண்டும், ஆனால் அவரை எழுப்பக் கூடாது. அமெரிக்காவில் 1990-களிலேயே, படுக்கும்போது போட்டால் 4, 5 மணி நேரம் சும்மா இருந்துவிட்டு விடியலுக்கு முன் விடத் தொடங்கும் வெராபமில் மாத்திரை வந்துவிட்டது. கவனக்குறைவு நோய்க்கான மெத்தில்ஃபெனிடேட்டை மாலையில் கொடுத்து மறுநாள் காலை இறங்கச் செய்யும் கேப்சூல் 2018இல் அனுமதி பெற்றது. எல்லாவற்றிலும் அழகாக யோசித்துச் செய்தது என்று நான் நினைப்பது முடக்குவாதத்துக்கான பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. இரவு 10 மணிக்குப் போட்டால் சுமார் 4 மணி நேரம் கழித்து, 2 மணி வாக்கில் திறக்கும். இன்டர்லூகின்-6 ஏறுவதற்குள் மருந்து ரத்தத்தில் இருக்கும். 2008இல் வெளியான சோதனையில், அதே அளவைக் காலையில் போட்டவர்களைவிட இரவு போட்டவர்களுக்குக் காலை விறைப்பு குறைந்தது.

அதன் அமைப்பு இதுதான்: உள்ளே மருந்தும் தண்ணீர் பட்டால் உப்பும் பொருளும் சேர்ந்த சின்ன மாத்திரை. வெளியே மருந்தில்லாத, மெழுகுத்தன்மை கொண்ட கிளிசரில் பெஹனேட்டும் கால்சியம் பாஸ்ஃபேட்டும் சேர்ந்த ஓடு. தண்ணீர் ஓட்டை மெதுவாக ஊடுருவும். உள்ளே எட்டியதும் கரு உப்பி ஓட்டைப் பிளக்கும். ஓட்டின் தடிமன்தான் கடிகாரம். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து குறைவாகவே ரத்தத்தில் சேர்கிறது. அதனால் இரவுச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் போட வேண்டும். ஏழரைக்கே சாப்பிட்டிருந்தால் 10 மணிக்கு லேசாக ஏதாவது சாப்பிட்டுப் போட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது ஓடு இல்லாத சாதாரண பிரெட்னிசோலோன், அதே குடும்பத்து ஸ்டீராய்டு. மேலே சொன்னதைப் படித்துவிட்டு அதை இரவு 10 மணிக்கு மாற்றிப் போடக் கூடாது. அது உடனே இறங்கும், தூக்கம் கெடும், கார்ட்டிசால் இறங்கியிருக்கும் நேரத்தில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால், கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி காலையில் வேலை செய்யாமல் படுத்துவிடும். சாதாரண பிரெட்னிசோலோன் ஒரு வேளை என்றால் காலை 8 மணிக்குள், டிஃபனுக்குப் பின். உடம்பு தானே சுரக்கும் நேரத்தோடு சேர்ந்து போகட்டும்.

சென்னையில் எம்.ஃபார்ம். படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுக்கிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள். மற்றவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ஓடு வைத்த மாத்திரையை ஆய்வகத்தில் செய்ய, 6 மி.மீ. அளவில் 100 மி.கி. கரு, 10 மி.மீ. டையில் 300 முதல் 350 மி.கி. ஓட்டுப் பொடி என்று தொடங்கினால் கையாளச் சுலபம். ஓட்டுப் பொடியில் பாதியை டையில் போட்டு லேசாகச் சமப்படுத்தி, கருவை நடுவில் வைத்து, மீதிப் பாதியை மேலே போட்டு அழுத்த வேண்டும். கெடுவது பெரும்பாலும் இந்த 'நடுவில்' என்ற இடத்தில்தான். கரு ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும், அந்தப் பக்க ஓடு மெலிந்து, 4 மணி நேரத்தில் திறக்க வேண்டியது இரண்டரை மணி நேரத்திலேயே திறந்துவிடும். ஒவ்வொரு தொகுதியிலும் சில மாத்திரைகளைக் குறுக்கே வெட்டி லென்ஸ் வைத்துப் பாருங்கள். எந்த வரைபடமும் சொல்லாததை அந்த வெட்டு சொல்லும். எத்தில் செல்லுலோஸ் கூடினால் தாமதம் கூடும், எச்.பி.எம்.சி. அல்லது லாக்டோஸ் கூடினால் குறையும். அழுத்தம் மாறினாலும் தாமதம் மாறும் என்பதால் கடினத்தன்மையைக் குறித்துக்கொள்ளாமல் தாமத நேரத்தை ஒப்பிடாதீர்கள்.

அடுத்தது கரைதல் சோதனை. 900 மி.லி., 37 டிகிரி, துடுப்பு 50 சுற்று, முதல் 2 மணி அமிலம், பிறகு 6.8. எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, ஆறு பாத்திரத்தின் அளவீட்டையும் சராசரி எடுத்துக் கோடு போட்டுவிடுகிறார்கள். ஒரு மாத்திரை இரண்டரை மணி நேரத்திலும் இன்னொன்று ஐந்தரை மணி நேரத்திலும் வெடித்தால், சராசரிக் கோடு மெல்ல ஏறும் எஸ்.ஆர். மாத்திரை போலக் காட்டும். ஆறையும் தனித்தனிக் கோடாகப் போடுங்கள். எதிர்பார்க்கும் நேரத்தை ஒட்டி 15 நிமிடத்துக்கு ஒரு முறை மாதிரி எடுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது ரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அம்லோடிபின் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகிறது. அதற்கு 4 மணி தாமத ஓடு போட்டு எந்த நோயாளிக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அதே கணக்கு வீட்டில் மாத்திரை போடுகிறவருக்கும் உதவும். ரத்தத்தில் சீக்கிரம் தீர்ந்துபோகும் மருந்துக்கு நேரம் முக்கியம். நாள் முழுக்க நிற்கும் மருந்துக்கு அவ்வளவு இல்லை. கொழுப்பு மாத்திரையில் சிம்வாஸ்டாட்டின் சில மணியில் தீரும், அது இரவில்தான். அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நீண்ட நேரம் நிற்பவை, எப்போது போட்டாலும் சரி. பழக்கத்தால் எல்லாவற்றுக்கும் 0-0-1 என்று எழுதுகிறார்கள். இரவு மாத்திரையை வாரத்தில் மூன்று நாள் மறக்கிறவர் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

பிரஷர் மாத்திரை விஷயத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019இல் ஸ்பெயினிலிருந்து 19,000-க்கும் அதிகமானோரை வைத்து ஓர் ஆய்வு வந்தது: படுக்கும்போது பிரஷர் மாத்திரை போட்டால் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றன என்றது. வந்த வேகத்திலேயே அதன் நடைமுறை குறித்துக் கேள்விகள் எழுந்தன. 2022இல் பிரிட்டனில் 21,104 பேரை வைத்து நடந்த 'டைம்' ஆய்வு, காலை போட்டாலும் மாலை போட்டாலும் பலன் ஒன்றுதான் என்று காட்டியது. ஆகவே பிரஷர் மாத்திரைக்கு நல்ல நேரம் என்பது, நீங்கள் ஒரு நாளும் மறக்காத நேரம். விதிவிலக்கு, சிறுநீரைக் கூட்டும் மாத்திரை. ஃபியூரோசமைடு இரண்டு வேளை என்றால் காலை 8, மதியம் 2. அதை 1-0-1 என்று புரிந்துகொண்டு இரவு 9 மணிக்குப் போட்ட பெரியவர், ராத்திரி நாலு முறை பாத்ரூமுக்கு நடக்கிறார். வழுக்கிய தரையில் இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான்.

இதயத்துக்கான ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் இன்னும் முக்கியம். சாதாரண மாத்திரை இரண்டு வேளை என்றால், காலை 8, மதியம் 3. இடைவெளி 7 மணி நேரம். நைட்ரேட் உடம்பில் இடைவிடாமல் இருந்தால் ரத்தக்குழாய் அதற்குப் பழகி, மருந்து பலிக்காமல் போகும். அதனால் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மருந்து இல்லாத இடைவெளி வேண்டும். 1-0-1 என்று சமமாகப் பிரித்துக் காலை 8, இரவு 8 போட்டால் அந்த இடைவெளியே அடைபடும். கவுண்டரில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த மருந்தின் ஸ்டிரிப்பில் மட்டுமாவது '8 மணி, 3 மணி' என்று மார்க்கரால் எழுதிக் கொடுங்கள். மருந்து பலிக்கும்.

தைராய்டு மாத்திரை நம் ஊரில் காபியோடு மோதுகிறது. காபி, பால், கால்சியம், இரும்பு எல்லாமே தைராக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சீட்டில் 'வெறும் வயிற்றில்' என்று மட்டும் இருக்கும். அதைக் காபிக்கு ஐந்து நிமிடம் முன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவைக் காட்டும் டி.எஸ்.ஹெச். அளவு இறங்கவில்லை என்று மாத்திரையின் மைக்ரோகிராம் ஏறிக்கொண்டே போகும். எல்லாம் சேர்ந்து இருக்கும் ஒரு அம்மாவுக்கு நேரம் இப்படி அமையும்: 5.30க்கு எழுந்தவுடன் தைராக்சின், தண்ணீரோடு. 6.30க்குக் காபி. 7.45க்கு பான்டோபிரசோல், 8.30க்கு டிஃபன். மதியச் சாப்பாட்டோடு கால்சியம் கார்பனேட். இரும்பு மாத்திரை சாயங்காலம் 5 மணிக்கு, காபி டீ இல்லாமல். தைராக்சினைப் படுக்கும்போதும் போடலாம், ஆனால் கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பத்து மணிக்குச் சாப்பிடும் வீட்டில் அது நடக்காது. ரத்தப் பரிசோதனை அன்று, தைராய்டு டெஸ்ட் என்றால் ரத்தம் கொடுத்த பிறகு தைராக்சின் போடுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும், பாஸ்டிங் என்று சொல்லி நிறுத்த வேண்டாம். தண்ணீரோடு வழக்கமான நேரத்துக்குப் போடலாம்.

ஆஸ்துமாவில் மான்டெலுகாஸ்ட் மாலையில் போடச் சொல்வது, விடியற்காலை 4 மணியை மனதில் வைத்து. போகி அன்று புகை மூட்டத்தில் எழுந்து இருமுவது வேறு. சாதாரண நாளிலேயே வாரத்தில் இரண்டு முறை மூன்று நாலு மணிக்கு இழுப்பு எழுப்புகிறது என்றால், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். மாத்திரை நேரத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. கடல் காற்றில் ஈரம் வேறு. மாத்திரையின் கடிகாரம் பூச்சில் இருப்பதால் பூச்சு கெட்டால் நேரமும் கெடும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், அடுப்புக்கு மேல் அலமாரியில், ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட கேப்சூலும் விரிசல் விட்ட பூச்சும் குப்பைக்கு. வாரப் பெட்டியில் போட்டு வைக்கும் பழக்கம் நல்லதுதான், ஆனால் வலிப்புக்கான சோடியம் வால்புரோயேட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதைப் போடும் நொடி வரை ஃபாயிலிலேயே விடுங்கள். ஃபாயிலோடு கத்தரித்து அந்த நாள் அறையில் வைத்தால் போதும். வலிப்பு மருந்து, தியோஃபிலின், டில்டியாசெம், நிஃபெடிபின் ஆகியவற்றின் எஸ்.ஆர். வகையில் கம்பெனி மாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். மி.கி. ஒன்றாக இருந்தாலும் விடும் வேகம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நிஃபெடிபினில் 12 மணி நேரத்துக்கு ஒன்று, 24 மணி நேரத்துக்கு ஒன்று என இரண்டு வகை உண்டு.

எஸ்.ஆர். மாத்திரையை மறந்துவிட்டு, அடுத்த வேளை நெருங்கிய பிறகு ஞாபகம் வந்தால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. ரமலான் நோன்பு இருப்பவர்கள் சுகர் மாத்திரையை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் தாங்களாகப் பிரித்துக்கொள்ளாமல் ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். கிளிமெபிரைடு போன்றவற்றில் அளவும் மாற வேண்டி வரும்.

கடைசியாக ராத்திரி வேலைக்காரர்கள். ஓ.எம்.ஆர். கம்பெனிகள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள், கோயம்பேடு மார்க்கெட், காசிமேடு என்று இந்த ஊரில் இரவில் விழித்திருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குக் 'காலை' என்ற சொல்லே தப்பு. உடம்பின் கடிகாரம் ஷிஃப்ட் மாறிய அன்றே திரும்பாது. நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுகிறவருக்கு அது எங்கேயும் போய்ச் சேராது. அதனால் சாப்பாட்டோடு சேர்ந்த மருந்தைச் சாப்பாட்டோடும், எழுவதோடு சேர்ந்ததை எழுவதோடும், நாள் முழுக்க நிற்கும் மருந்தை எந்த ஷிஃப்ட்டிலும் விழித்திருக்கும் ஒரு மணியோடும் கட்டிவிட வேண்டும். இன்சுலின் போடுகிறவர் ஷிஃப்ட் அட்டவணையையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி நேரம் வாங்க வேண்டும்.

கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர், சாயங்காலம் 6 மணிக்குப் படுத்து நள்ளிரவு 12க்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் தைராக்சின், மெட்ஃபார்மின் எஸ்.ஆர். ஒரு வேளை, அம்லோடிபின். சீட்டில் 1-0-0, 0-0-1, 1-0-0. அவர் கவரில் நீல மார்க்கரால் எழுத வேண்டியது இது: 'தைராய்டு: எழுந்தவுடன் 12 மணி, தண்ணீர் மட்டும், டீ 12.45க்கு மேல். சுகர்: சாயங்காலம் 5, சாப்பாட்டோடு, உடைக்காமல். பிரஷர்: பகல் 10.30, வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும்.' கீழே இன்னொரு வரி: 'லீவு நாளில் தைராய்டு மட்டும் எழும் நேரத்துக்கு. மற்ற ரெண்டும் இதே மணி.'